லாயத்துப் பக்கம் கரடி வருகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

லாயத்துத் தகரத்தில் கரடி நகம் இழுபடும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு அது மறக்காது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சரிவில், ஒருபுறம் தேயிலையும் மறுபுறம் காப்புக்காடுமாக அமைந்த சிறு தோட்டத்தில் நான்கு குதிரைகள் வைத்திருக்கிறோம். நான்கும் ஊட்டியில் சவாரிக்கு ஓடி ஓய்ந்த மட்டக்குதிரைகள். இங்கே வந்த முதல் இரண்டு ஆண்டுகள், கரடி குதிரையைத் தின்ன வருகிறது என்று நினைத்துக்கொண்டு தவறான இடத்திலெல்லாம் பணத்தையும் தூக்கத்தையும் செலவழித்தேன்.

நம் காடுகளில் இருப்பது தேன்கரடி. கறையானும் எறும்பும் பழமும் தேனுமே அதன் சாப்பாடு. அதற்கு மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. அந்த இடைவெளி வழியாகப் புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி எடுக்கும். நீண்டு வளைந்த நகம் புற்றைப் பெயர்ப்பதற்கு. குதிரையைத் துரத்திப் பிடித்து வீழ்த்தும் விலங்கு அல்ல அது. குதிரைக்கு வைத்திருக்கும் கொள்ளு, தவிடு, வெல்லம், எண்ணெய் ஆகியவற்றின் வாசனைக்குத்தான் வருகிறது. அப்படியானால் குதிரைக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேறு வழிகளில் வருகிறது. கீழே உள்ளவற்றை அந்த வழிகளைக் கண்டுபிடிப்பதற்காகவே எழுதுகிறேன்.

காலையில் தீவன அறைக் கதவு பெயர்ந்து கிடக்கிறது

முதலில் கதவைப் பார்க்க வேண்டாம். குதிரைகளை எண்ணுங்கள். ஏதாவது ஒன்று அவிழ்ந்து வெளியே நின்றால், அது தீவனம் தின்றதா என்று பாருங்கள்.

எங்களுக்கு நடந்தது இது. ஓர் ஐப்பசி இரவில் கரடி வந்து கொண்டியைப் பெயர்த்து, வெல்லப்பாகு கலந்த தீவன மூட்டையைக் கிழித்து, கொஞ்சம் தின்றுவிட்டுப் போய்விட்டது. கரடியால் ஏற்பட்ட நஷ்டம் ஒரு மூட்டைகூட இல்லை. ஆனால் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்ட எங்கள் பெண் குதிரை, கரடி போன பிறகு திறந்து கிடந்த அறைக்குள் நுழைந்து விடியும்வரை தின்றிருக்கிறது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. அளவுக்கு மீறித் தின்ற தானியம் குடலில் புளித்து, முதலில் வயிற்றுவலியாகவும், ஓரிரு நாளில் குளம்பு அழற்சியாகவும் வெளிப்படும். மூன்றாம் நாள் அவள் முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடல் பாரம் முழுவதையும் பின்னங்கால்களில் தாங்கி நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. குளம்பைத் தொட்டால் சுட்டது. கணுவின் பின்பக்கம் விரலை வைத்ததும் நாடி தட்தட்டென்று அடித்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை.

ஆகவே, தானியம் தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். தீவனத்தை அப்புறப்படுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். எவ்வளவு தின்றிருக்கும், எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்பதைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் அவருக்கு உதவும். வலி தெரிவதற்கு முன்பே குளம்புகளைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். அந்த முதல் இரண்டு நாள்தான் பிற்பாடு குதிரை நடக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

கதவுக்கு வருவோம். மரக்கதவில் பலகை இடுக்கு இருந்தால் கரடி நகத்தை நுழைத்து இழுத்துவிடும். நாதாங்கியும் சின்னப் பூட்டும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கதவை மட்டும் பலப்படுத்துவது பாதி வேலைதான். வாசனை வெளியே போய்க்கொண்டிருக்கும்வரை, கதவு உடையாவிட்டால் கூரைத் தகரத்தைப் பிரிக்கும். நீலகிரியில் அங்கன்வாடி, சத்துணவுக் கூடம், ரேஷன் கடை என்று கரடி உடைத்த செய்திகளைப் படித்தால் எல்லாவற்றிலும் அது தேடிப் போனது பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும்தான் என்பது தெரியும்.

நாங்கள் செய்தது: மூட்டைகளை முற்றிலும் ஒழித்தோம். கொள்ளும் தவிடும் வளையம் போட்டு இறுக்கி மூடும் இரும்பு டிரம்களுக்குப் போயின. பிளாஸ்டிக் டிரம்மைக் கரடி கடித்து ஓட்டை போட்டுவிடும், அதை வாங்க வேண்டாம். வெல்லப்பாகு கலந்த தீவனத்தையே நிறுத்தினோம். மூடியின் விளிம்பை தினமும் துணியால் துடைக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒட்டியிருக்கும் மாவே போதும். தீவன அறையைக் குதிரைகள் நிற்கும் இடத்திலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி வையுங்கள். நம்மவர்கள் வசதிக்காக இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கட்டுகிறோம். கரடியைக் குதிரையின் மூக்குக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவது அந்த வசதிதான்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. குளம்புக்குப் பூசும் எண்ணெய், சேணத்துக்குத் தடவும் எண்ணெய், ஈக்கு எதிராக வைத்திருக்கும் வேப்பெண்ணெய். இவை மூன்றும் சேண அறையில்தான் இருக்கும். கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைக்கும் விலங்குக்கு இந்த வாசனை மட்டும் தெரியாமல் போகுமா? எல்லாவற்றையும் டிரம்முக்குள் வையுங்கள்.

குதிரைகள் இரவில் மிரள்கின்றன, ஆனால் எதுவும் உடையவில்லை

காலையில் ஈரமண்ணைப் படியுங்கள். கரடியின் தடத்தில் ஐந்து விரல்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்கும். விரல்களுக்கு வெகு முன்னால் நகக்குறிகள் தனியே பதிந்திருக்கும். பின்னங்கால் தடம் மனிதக் குழந்தையின் பாதம் போலத் தோன்றி ஒரு கணம் திடுக்கிட வைக்கும். சிறுத்தையின் தடம் வட்டமாக, நான்கு விரல்களோடு, நகக்குறியே இல்லாமல் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிக அவசியம். குட்டி போட்ட குதிரை உங்களிடம் இருந்து, வந்தது சிறுத்தை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் குட்டியை நாற்புறமும் சுவரும் மேலே கம்பிவலையும் உள்ள இடத்துக்கு இன்றிரவே மாற்றுங்கள்.

தடம் கிடைக்காவிட்டால் எச்சத்தைத் தேடுங்கள். கரடியினுடையதில் நாவல், கொன்றை, உண்ணிச்செடிப் பழங்களின் விதைகளும், எறும்பு, கறையானின் ஓட்டுத் துணுக்குகளும் கலந்திருக்கும். காதாலும் கண்டுகொள்ளலாம். கரடி புற்றை ஊதி மண்ணைத் தள்ளிவிட்டு உறிஞ்சும்போது எழும் சத்தம் அமைதியான இரவில் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பழைய துருத்தியை யாரோ விட்டுவிட்டு அழுத்துவது போல இருக்கும்.

இந்த அறிகுறியில் குதிரைக்குக் காயம் ஏற்படுவது கரடியால் அல்ல, நம்மால். இறுகக் கட்டிய கயிறு, அறுபடாத நைலான் தலைக்கயிறு, முள்கம்பி வேலி. மிரண்ட குதிரை பின்னோக்கி இழுக்கும், கயிறு விடாது, கழுத்துத் தசை கிழியும் அல்லது தரையில் விழுந்து கால் மடங்கும். இரவில் கட்டி வைக்க வேண்டாம். தலைக்கயிறு போட்டே ஆக வேண்டுமென்றால், காதுக்குப் பின்னால் போகும் பட்டை மட்டும் பழைய மெல்லிய தோலாக இருக்கட்டும், இழுத்தால் அறும். முள்கம்பி உங்கள் நிலத்தில் இருந்தால் அதைக் கழற்றுவதுதான் இந்த ஆண்டின் முதல் வேலை. கரடியின் அடர்ந்த மயிருக்கு முள்கம்பி பெரிய தடை அல்ல. குதிரையின் தோலுக்கோ அது கத்தி.

மேய்ச்சல் நிலத்தில் குழிகள்

உழுதது போலப் பரவலாகக் கிளறியிருந்தால் காட்டுப்பன்றி. ஒரே இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் கிணறு போலத் தோண்டியிருந்தால் கரடி. இதில் உடனடி ஆபத்து குழியேதான். இருட்டில் ஓடும் குதிரையின் கால் அதற்குள் போனால் எலும்பு முறிவு, அதற்குப் பிறகு பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலையில் குதிரையை விடுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து, கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டு வாருங்கள்.

கரடியை அங்கே இழுப்பது புற்றும் எறும்பும். எங்கள் தோட்டத்தில் இன்னொரு காரணமும் இருந்தது: லாயத்துக்குப் பின்னால் மாதக்கணக்கில் குவிந்துகிடந்த குதிரைச் சாணம். அதைக் கிளறிப் பார்த்தால் கட்டைவிரல் பருமனில் வெள்ளை வண்டுப்புழுக்கள். கரடிக்கு அது விருந்து. சாணத்தை வாரம் ஒருமுறை தேயிலைக்கும் காய்கறிப் பாத்திக்கும் வாரிக் கொடுத்துவிடுவது என்று ஆன பிறகு, லாயத்தின் பின்பக்கத் தோண்டல் நின்றது.

சோலார் மின்வேலி போட்டும் உள்ளே வருகிறது

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

கரடியின் உடம்பு மயிர் மின்சாரத்தைக் கடத்தாத கம்பளி. அதிர்ச்சி மூக்கிலோ, உதட்டிலோ, பாதத்திலோ பட்டால்தான் உறைக்கும். யானைக்கென்று போட்ட வேலியில் முதல் கம்பி இடுப்பு உயரத்தில் இருக்கும். கரடி அதன் கீழே நுழைந்துபோகும்போது முதுகு மயிரில் உரசும், அவ்வளவுதான். கீழ்க்கம்பி தரையிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அடுத்தடுத்த கம்பிகளும் அதே இடைவெளியில் இருக்க வேண்டும். முகர்ந்து பார்க்க மூக்கை நீட்டும் இடத்தில் கம்பி இருக்க வேண்டும் என்பதே கணக்கு. குதிரைக்கு மெல்லிய கம்பி கண்ணில் படாது. அதனால் மேல் இரண்டு வரிசைகளுக்கு நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளை மின்பட்டையைக் கட்டுங்கள். மேல்வரிசை குதிரையின் மார்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

கம்பிகள் சரியாக இருந்தும் வருகிறதென்றால், அளவுகருவியை எடுத்துக்கொண்டு வேலியின் கடைக்கோடிக்குப் போங்கள். வேலிக்கு மின்துடிப்பு தரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அளந்து திருப்திப்படுவதில் பயனில்லை. கோடியில் 5,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எங்கோ கசிகிறது. தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு இங்கே புல்லும் உண்ணிச்செடியும் ஒரே வாரத்தில் கம்பியைத் தொட்டுவிடும். ஒவ்வொரு ஈரத்தண்டும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வாய்க்கால். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடிப்புல்லை அறுத்தாக வேண்டும்.

மாசியிலும் பங்குனியிலும் பிரச்சினை தலைகீழாகும். வோல்ட் நன்றாகக் காட்டும், ஆனால் கரடிக்கு உறைக்காது. மண் காய்ந்துவிட்டதால் மின்சாரம் கரடியின் கால்வழியாக மண்ணுக்குள் இறங்கி இயந்திரத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடுகிறது. எர்த் கம்பியைச் சோதிக்கும் முறை: இயந்திரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி, வேலியை ஒட்டி இரண்டு மூன்று இரும்புக்கம்பிகளை மண்ணில் ஊன்றி மின்கம்பியில் சாய்த்து வையுங்கள் (இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாய்த்து, பிறகு இயக்க வேண்டும்). இப்போது எர்த் கம்பியை அளந்தால் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் போதவில்லை. இரண்டு மீட்டர் ஆழக் கம்பிகள் குறைந்தது மூன்றை, மூன்று மீட்டர் இடைவெளியில் இறக்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் வேலியில் ஒன்றுவிட்டு ஒரு கம்பியை எர்த்தோடு இணைத்துவிடலாம். கரடி இரண்டையும் சேர்த்துத் தொடும்போது மண்ணின் ஈரத்தை நம்ப வேண்டியதில்லை.

ஐந்து ஏக்கரையும் வளைத்து வேலி போடாதீர்கள். அவ்வளவு நீளத்தைப் பராமரிக்க ஆள் கிடைக்காது. பராமரிக்காத வேலி, கரடிக்கு அதை மதிக்கத் தேவையில்லை என்று கற்றுக்கொடுக்கிறது. யானை நடக்கும் பாதையையும் அடைத்துவிடுவோம். லாயம், தீவன அறை, இரவு நிறுத்தும் சிறு பட்டி, இவற்றைச் சுற்றி மட்டும் போட்டால் போதும். இன்னொன்றும் கவனியுங்கள்: தமிழ்நாட்டில் மின்வேலிகளை ஒழுங்குபடுத்த 2023-இல் விதிகள் வந்துவிட்டன. காட்டை ஒட்டிய நிலத்தில் வேலி போடுவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். துடிப்பு மின்சாரம் தரும் இயந்திரத்தைத்தான் இணைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலை. கரடி, யானை, நம் குதிரை, விறகுக்கு வரும் பெண், பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று அது யாரையும் பிரித்துப் பார்க்காது.

பலா பழுக்கும் மாதங்களில் மட்டும் வருகிறது

பழத்தை முற்றியவுடன் அறுத்துவிடுங்கள், மரத்தில் பழுக்க விடாதீர்கள். விழுந்ததை மாலைக்குள் அள்ளுங்கள். கொய்யா, பேரி, தேன்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். லாயத்தை ஒட்டி நிற்கும் ஒரு பலாமரத்தை வெட்டுவதா என்று பல மாதம் யோசித்தேன். வெட்டவில்லை, பிஞ்சிலேயே எல்லாக் காயையும் இறக்கிவிடுகிறோம். பக்கத்துக் குடியிருப்புக்குக் கறிக்குக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறார்கள்.

குதிரையின் உடலில் காயம்

நேர்க்கோடாக, நீளமாகக் கிழிந்திருந்தால் முதலில் வேலியைச் சந்தேகியுங்கள். தொண்டையிலோ பிடரியிலோ ஆழமான பல் ஓட்டைகள் என்றால் சிறுத்தை. முகத்திலோ முன்னங்காலிலோ இணைகோடுகளாக அகலமான நகக்கீறல்கள் என்றால், மூலையில் அகப்பட்ட குதிரையும் தப்ப வழியில்லாத கரடியும் மோதியிருக்கலாம். அரிது, ஆனால் நடக்காததல்ல. லாயத்துக்கு ஒரே வாசல் இருந்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று வையுங்கள்.

எதுவாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் சாம்பலும் அப்ப வேண்டாம். ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) எளிதில் இரையாகும் விலங்குகளில் குதிரை முதலிடத்தில் இருக்கிறது. தடுப்பூசிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். காட்டு விலங்கின் கடி என்றால் வெறிநோய் ஊசியைப் பற்றியும் அவரிடம் கேட்டாக வேண்டும்.

கரடி இப்போது உள்ளே இருக்கிறது

ஆட்களைத் திரட்டிக்கொண்டு வளைக்காதீர்கள். தேன்கரடி பயந்தால் ஓடுவதைவிடத் தாக்குவதையே முதலில் செய்யும். புலியோடு காட்டைப் பங்கிட்டு வாழ்ந்த விலங்கு, மரமேறித் தப்பும் பழக்கமில்லாமல் எதிர்த்து நின்றே பிழைத்தது. பட்டாசு வெடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது, குதிரைகள் நிச்சயமாக வேலியில் போய் விழும். முதுகில் குட்டி சுமந்து வந்த தாயென்றால் இன்னும் மோசம். வெளிவாசல் திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், மனிதர்கள் தூரத்தில் நிற்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். அப்படியும் போகாமல் படுத்துவிட்டால் வனச்சரக அலுவலகத்தைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருங்கள்.

விடியற்காலையில் லாயத்துக்குப் போகும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். எங்கள் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கடைசித் திருப்பத்தில் நின்று, "வந்துவிட்டேன் அம்மா, எழுந்திருங்கள்" என்று குதிரைகளை உரக்கக் கூப்பிட்டுவிட்டுத்தான் நடப்பார். முதலில் அது அவர் பாசம் என்று எண்ணியிருந்தேன். பிறகுதான், தேயிலைக்குள் படுத்திருக்கும் கரடிக்கு எழுந்து போக அவர் கொடுக்கும் அவகாசமும் அதுதான் என்று சொன்னார். கரடிக்குப் பார்வை மங்கல், முகரும் திறனைத்தான் நம்பியிருக்கிறது. காற்று நம் பக்கம் வீசினால் நாம் ஐந்தடி தூரத்துக்கு வரும்வரை அதற்குத் தெரியாது. நேருக்கு நேர் வந்துவிட்டால் ஓடாமல், முகத்தைப் பார்த்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மறைத்துக்கொள்ளுங்கள். அது குறிவைப்பது முகத்தையும் தலையையும்தான்.

நாயை அவிழ்த்துவிட்டால் காவல் என்று நினைப்பவர்கள் உண்டு. நாய் குரைத்துக்கொண்டு போய்க் கரடியைச் சீண்டும், அடி விழுந்ததும் உங்கள் காலடிக்கே ஓடிவரும், பின்னால் கரடியும் வரும். இந்த மலையில் நாய் சிறுத்தையையும் அழைத்துவரும்.

எல்லாம் செய்தும் அதே கரடி திரும்பத் திரும்ப வருகிறது

கூண்டு வைக்கச் சொல்வதுதான் அனைவருக்கும் முதலில் தோன்றும். வனத்துறை கூண்டு வைப்பதும் உண்டு. ஆனால் ஈர்த்த பொருள் அப்படியே இருக்கும்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். சுருக்குக்கம்பி, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி), விஷம் பற்றி யாராவது யோசனை சொன்னால் அவரைத் திரும்ப வரவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தேன்கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது, தண்டனை சிறை. அதைவிட, கம்பியில் சிக்கிய கால் அழுகி நடக்கும் ஒரு கரடியை நான் பார்த்திருக்கிறேன். வலியில் இருக்கும் அந்தக் கரடி முன்பைவிடப் பத்து மடங்கு ஆபத்தானது.

வனச்சரகரிடம் போகும்போது "கரடித் தொல்லை" என்று மட்டும் சொல்லாமல் ஒரு குறிப்பேட்டை நீட்டுங்கள். தேதி, நேரம், வந்த திசை, எதைத் தொட்டது, குட்டி இருந்ததா, அன்று என்ன பழம் பழுத்திருந்தது. எங்கள் குறிப்பேட்டில் ஓர் ஆண்டுப் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேலான வருகைகள் ஒரே மூலையிலிருந்து தொடங்கியிருந்தன. அந்த மூலைக்கு அப்பால், பக்கத்து எஸ்டேட் குடியிருப்பின் குப்பைக்குழி மூடியில்லாமல் கிடந்தது. மூடி போட இரும்புத் தகடும் இரண்டு கீலும் நாங்களே வாங்கிக் கொடுத்தோம், குடியிருப்பில் இருந்தவர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிட்டார்கள்.